கரடிக்குப் பிடிக்காத பாட்டு

பச்சைத் தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போயிருந்த சமயம் அது. குன்னூருக்குக் கீழே நாங்கள் வேலை பார்த்த எஸ்டேட்டை மூடிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் உள்பட எங்கள் லைன் வீட்டு வரிசையில் இருந்த ஆண்கள் எல்லோரும் பிழைப்புக்குத் திருப்பூர் போய்விட்டார்கள். கிளைகளை வெட்டிக் கவாத்து செய்ய ஆளில்லாமல் தேயிலைச் செடிகள் மரமாக வளர, உள்ளே கரடி குடியேறிவிட்டது.

அப்போதுதான் காலியாகக் கிடந்த பங்களாவுக்கு நான்கு பையன்கள் வாடகைக்கு வந்தார்கள். தோள்வரை முடி, பூப்போட்ட சட்டை. அறுபதுகளில் வெள்ளைக்காரர்கள் வாசித்த மாதிரியே வாசிக்கிற கோஷ்டியாம். ஒரே கிட்டாரில் பன்னிரண்டு கம்பி! பித்தளைத் தட்டில் சில்லறை கொட்டியதுபோல் கலகலக்கும். பாட்டு முடியப்போகிறது என்று நினைத்தால், மறுபடி முதலிலிருந்து சுற்றும். வேலைவெட்டி இல்லாததுகள் என்று வாய் திட்டினாலும், என் காது அங்கேதான் கிடக்கும். அப்படி என்னதான் பாடுகிறார்கள்?

மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை ஆரம்பித்த காலை, எதிரே ஆள் தெரியாத பனிமூட்டம். அந்தப் புதர்க்காட்டைத் தாண்டினால்தான் பஸ். முன்பெல்லாம் கூட்டமாகப் பேசிக்கொண்டே போவோம். சத்தம் கேட்டாலே கரடி விலகிவிடும். அன்று நாங்கள் இரண்டே பேர், தட்டிச் சத்தம் போடக் கையில் ஒரு தகர டப்பா. முந்தின வாரம்தான் பக்கத்து லைனில் ஒருவரைக் கரடி குதறியிருந்தது. "பரீட்சையே வேண்டாம்மா" என்று மகள் அழுதாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே போய் பங்களாக் கதவைத் தட்டினேன்.

"நாளெல்லாம் வாசிக்கிறீங்களே தம்பி, இப்ப வந்து வாசிங்க. புள்ள பரீட்சைக்குப் போகோணும். வழியில கரடி இருக்குது."

கம்பளியோடு கதவைத் திறந்த கிட்டார்க்காரன் கண்ணைக் கசக்கினான். "என்ன பாட்டுங்க்கா வேணும்?"

"கரடிக்குப் புடிக்காததா வாசிங்க!"

நால்வரும் எங்களுக்கு முன்னும் பின்னுமாகப் பாடிக்கொண்டே நடந்தார்கள். பாதி வழியில் புதர் சடசடத்தது. கறுப்பாக ஒன்று எழுந்து நின்றது. கிட்டார் நின்றுபோனது.

"நிறுத்தாதீங்கண்ணா!" என்று மகள் கத்தினாள்.

கிட்டார்க்காரன் மறுபடி வாசித்தான். கரடி எங்களையே பார்த்தது; பிறகு திரும்பி, சரிவில் ஏறிப் போய்விட்டது. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

மகளை பஸ் ஏற்றிவிட்டு கிட்டார்க்காரனிடம் கேட்டேன்: "இந்தப் பழைய பாட்டையெல்லாம் யாரு தம்பி கேக்கறாங்க?"

"யாருமில்லைங்க்கா. வாசிங்கன்னு எங்களைத் தேடி வந்த மொத ஆளே நீங்கதான்" என்று சிரித்தான்.

மீதிப் பரீட்சைகளுக்கும் அவர்கள்தான் துணைக்கு வந்தார்கள். மகள் பாஸாகி, மேலே படித்து, இன்று நர்ஸாக இருக்கிறாள். அந்தப் பாட்டில் ஒரு வார்த்தைகூட எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் புரியாத எதையாவது யாராவது மெனக்கெட்டுச் செய்வதைப் பார்த்தால், திட்டுவதற்கு முன்னால் கிட்டே போய் என்னவென்று கேட்டுவிடுகிறேன்.