டெல்ஃப்ட் நகரில் ஒரு டெல்ஃப்ட்காரர்

ரொறன்ரோவில் மூலைக்கடைக்குக்கூடக் காரில் போகிறவர் என் கணவர் அந்தோனி. இன்று காலையிலிருந்து ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகரை நடந்தே சுற்றுகிறார். அவர் பிறந்தது நெடுந்தீவில். அதற்கும் ஒல்லாந்தர் வைத்த பெயர் டெல்ஃப்ட்தான்.

மாலையாகிறது. வாய்க்கால் கரைக் கோப்பிக் கடையில் ஒரு பெண் கதிரைகளை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தோனி முழங்கால்களை இறுக்கிக்கொண்டு கழிப்பறை கேட்கிறார்.

"கடை மூடியாயிற்று. எந்த ஊர் நீங்கள்?" என்கிறாள்.

"டெல்ஃப்ட்."

"இதுதானே டெல்ஃப்ட்!"

அவர் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறார். எனக்கு அது தமிழாகவே கேட்கிறது. "இது உங்கட டெல்ஃப்ட். நான் எங்கட டெல்ஃப்ட். உங்கட ஆக்கள் அங்க வந்து நூறு வருசத்துக்கு மேல இருந்தவை. ஒருத்தரும் எங்களைக் கேக்கேல்லை. நான் கேட்டுக்கொண்டு நிக்கிறன், ரெண்டே ரெண்டு நிமிசம்."

அவள் கதிரையை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பிறகு உள்கதவைக் காட்டுகிறாள். நாள் முழுவதும் கால் நோகிறதென்று புலம்பிய மனிதர் ஓடுகிறார்.

அவள் என் பக்கம் திரும்புகிறாள். "நீங்களும் அந்த டெல்ஃப்டா?"

நான் மன்னார்க்காரி. ஆனால் மத்தியானத்திலிருந்து மூன்று கோப்பி குடித்திருக்கிறேன்.

"ஓம், ஓம். பக்கத்து வீடு," என்கிறேன்.