சிவப்பு கூடிப்போன முகங்கள்

தங்கச்சி வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. விமான நிலைய வாசலில் அக்கா அழவில்லை. கண்கள் இரண்டும்தான் அவை பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் மனசு தாங்காமல் கைக்குட்டையை நீட்டினாள்.

"நான் அழலீங்க. காத்து."

"ஒரு இலை அசையலை, எங்கேருந்துக்கா காத்து?" என்றாள் தங்கச்சி. "சரி, போற நேரத்திலயாவது முறைக்காம இரு."

"யாருடி முறைக்கிறா? சும்மாதானே பார்க்கிறேன்."

"இதுவா சும்மா? போலீஸ்காரன் பார்த்தா அவனே மன்னிப்பு கேட்டுட்டுப் போவான்." சொல்லிவிட்டு அக்காவைத் தோளோடு இழுத்துக் கைபேசியில் ஒரு படம் எடுத்தாள். பெட்டியை உருட்டிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குள் போனாள். திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவோம் என்று திரும்பிப் பார்க்காமலே போனாள்.

அப்பா, அம்மா போன பிறகு அந்த இரண்டு அறை வீட்டில் அக்காவும் தங்கச்சியும்தான். அக்காவின் முகத்தைத் தினமும் பார்த்து, பார்த்ததை உள்ளபடி சொல்கிற ஒரே ஆளும் இப்போது விமானம் ஏறிவிட்டாள்.

அக்காவுக்கு நாற்பத்துமூன்று வயது. கடைத்தெருவில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் பத்தொன்பது வருடமாக வேலை. தெருவில் அவளுக்கு 'டச்சிங் அக்கா' என்று பெயர். பாஸ்போர்ட் படம், வேலை விண்ணப்பப் படம், பெண் பார்க்கக் கொடுக்கும் படம், எதுவானாலும் பருவை அழிப்பது, பறக்கிற முடியை அடக்குவது, தோல் நிறத்தைச் சீராக்குவது எல்லாம் அவள் கைதான். நிறம் பார்க்கும்போது இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு வலது கண்ணால் மட்டும் பார்ப்பாள். பழைய காமிராவில் கற்றுக்கொண்ட பழக்கம், கணினி வந்தும் விடவில்லை.

தங்கச்சி போன பிறகு காலையில் எழுந்தால் கண்ணுக்குள் யாரோ மணலை அள்ளிப் போட்டது மாதிரி இருந்தது. இமை முழுசாக மூடாமல் தூங்குகிறாள் என்பது அவளுக்குத் தெரியாது. சொல்ல வீட்டில் ஆள் இல்லை. கண்ணாடியில் பார்த்தால் விழிகள் கொஞ்சம் முன்னால் வந்திருந்தன. கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிந்தது. வயசு என்று நினைத்தாள்.

கடையில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். தூக்கம் பத்தலை என்றார் தேநீர் கொண்டுவருகிறவர். படம் எடுக்க வந்த ஒரு குழந்தை அவளைப் பார்த்ததும் வீரிட்டது. அன்று மாலை ஸ்டுடியோக்காரர் ஒரு கறுப்புக் கண்ணாடியை மேஜைமேல் வைத்தார். நல்ல மனிதர்தான். வாடிக்கையாளர் முகம் சுளித்தால் மட்டும் அவருக்குத் தாங்காது.

"இதைப் போட்டுக்கம்மா."

"கடைக்குள்ள எந்த வெயிலுக்குண்ணே?"

"அதுக்கில்ல... இல்லேன்னா பின்னாடி ரூம்ல உட்கார்ந்துக்கோ. வேலை அதே வேலைதானே. வர்றவங்க நீ கோவமா இருக்கேன்னு நினைக்கிறாங்க."

"நினைச்சுட்டுப் போகட்டும். பாதி பேருக்குக் கோவப்படத்தான் தோணுது."

கண்ணாடியைப் போடவில்லை. முன் நாற்காலியையும் விடவில்லை. ஆனால் அடுத்த வாரம் அந்த நாற்காலிக்கே ஆபத்து வந்தது.

ஒரு கணக்கு வாத்தியார் தன் படத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் தட்டினார். "நான் என்ன தக்காளியா? பாருங்க, காது வரைக்கும் சிவந்திருக்கு." அவர் போன பிறகு கல்யாணப் பெண் ஒருத்தி வந்தாள். அவளும் படத்தில் வெயிலில் வெந்தவள் போல இருந்தாள். மூன்றாவது ஆள் சண்டையே போட்டார். மானிட்டர் கெட்டுவிட்டது என்று ஆள் வரவழைத்தார்கள். அவர் சோதித்துப் பார்த்து, "மானிட்டர் சுத்தமா இருக்கு, சார்" என்று கையை விரித்தார்.

ஸ்டுடியோக்காரர் மானிட்டரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

அவள் எழுந்துபோய், படம் எடுக்க உட்காரவைக்கும் முக்காலியின் முன் நின்றாள். அதன் மெத்தை நல்ல ரத்தச் சிவப்பு வெல்வெட். வலது கண்ணைப் பொத்தி இடது கண்ணால் பார்த்தாள். சிவப்பு. இடது கண்ணைப் பொத்தி வலது கண்ணால் பார்த்தாள். பழைய செங்கல்லைத் துவைத்துக் காயப்போட்டது மாதிரி ஒரு நிறம். திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்தாள். முகமெல்லாம் வெளிறித் தெரிந்ததால், தான்தான் வாரக்கணக்கில் ஒவ்வொரு முகத்திலும் சிவப்பை ஏற்றிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் புரிந்தது.

"கெட்டது மானிட்டர் இல்லண்ணே. என் கண்ணு" என்றாள். கைப்பையை எடுத்துக்கொண்டு நேரே கண் மருத்துவமனைக்குப் போனாள்.

டாக்டரம்மா ஒரு சின்ன அளவுகோல் கருவியைக் கண் ஓரத்தில் வைத்து, விழி எவ்வளவு முன்னால் வந்திருக்கிறது என்று அளந்தாள்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு? பழைய போட்டோ இருந்தா காட்டுங்க. எவ்வளவு வேகமா மாறுதுன்னு பார்க்கணும்."

அவள் கைபேசியில் படங்களுக்குப் பஞ்சமில்லை. புது விளக்கு வாங்கினாலும் காமிரா வாங்கினாலும் கடையில் முதலில் அவளைத்தான் உட்காரவைப்பார்கள். டாக்டரம்மா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். போன மாதப் படத்திலும் ஐந்து வருடத்துக்கு முந்தைய படத்திலும் ஒரே கண்கள்.

"இதென்ன, அப்படியேதானே இருக்கு?"

அக்காவுக்கு வெட்கமாகப் போனது. "எல்லாத்துலயும் டச்சிங்ல இமையைக் கொஞ்சம் இறக்கிவிட்டுட்டேன், டாக்டர். கை பழக்கம்."

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "எங்கிட்ட வர்றவங்க நோயை மறைப்பாங்க. நீங்க தடயத்தையே அழிச்சிருக்கீங்க."

அங்கிருந்தே அக்கா, டச்சிங் செய்யாத படம் கேட்டுத் தங்கச்சியைக் கைபேசியில் கூப்பிட்டாள். விமான நிலையப் படம் வந்தது. அதற்கு முந்தைய வருடம், அக்கா வெங்காயம் நறுக்கும்போது அவளுக்குத் தெரியாமல் எடுத்த படமும் வந்தது. கூடவே, "அப்பவே சொன்னேன்ல, நீ முறைக்கிறேன்னு" என்று ஒரு வரி. தங்கச்சி போன இந்த ஐந்து மாதத்தில் கண்கள் முன்னால் வந்த தூரம், அந்தப் படங்களோடு ஒப்பிட்டதும் பளிச்சென்று தெரிந்தது.

கழுத்தில் இருக்கிற தைராய்டுதான் தொடக்கம் என்று ரத்தப் பரிசோதனை சொன்னது. டாக்டரம்மா ஒரு டப்பாவையும் பஞ்சையும் வைத்து விளக்கினாள். உடம்பைக் காக்க வேண்டிய காவல் படையே தைராய்டை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது; அப்படியே கண்ணுக்குப் பின்னால் இருக்கிற தசையையும் கொழுப்பையும் தாக்குகிறது. அவை வீங்குகின்றன. கண்குழி எலும்பாலான பெட்டி, விரியாது. அதனால் விழி முன்னால் வருகிறது. பின்னால் இருக்கிற பார்வை நரம்பு நசுங்கினால் முதலில் நிறம் வெளிறும், அப்புறம் பார்வையே போகலாம்.

"தைராய்டுக்கு மாத்திரை உண்டு. அது மட்டும் கண்ணுக்குப் போதாது. இன்னிக்கே சேர்ந்துடுங்க, கை நரம்பு வழியா மருந்து ஏத்தணும். சிகரெட் பிடிப்பீங்களா?"

"நான் இல்ல. முதலாளி பிடிப்பார், பின்னாடி ரூம்ல."

"அந்தப் புகை உங்க கண்ணுக்கு விஷம். அந்தப் பக்கமே போகாதீங்க."

மூன்று நாள் மருந்து ஏற்றினார்கள். சிவப்பு பாதிதான் திரும்பியது. பிறகு வலது கண்குழியின் எலும்புச் சுவரில் ஒரு பகுதியை எடுத்து, வீங்கிய தசைக்கு இடம் கொடுத்தார்கள். தங்கச்சி விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டரைவிட அதிகமாக அதட்டினாள். கட்டைப் பிரித்த அன்று அவள் உடுத்தியிருந்த சிவப்பு மேல்சட்டையை அக்கா வலது கண்ணால் வெகுநேரம் பார்த்தாள்.

"என்னக்கா, சொல்லேன்."

"கண்ணைக் குத்துதுடி, இந்த நிறத்தை யாரு வாங்கச் சொன்னா?"

தங்கச்சிதான் அழுதாள்.

ஒன்றரை மாதம் கழித்து அக்கா கடைக்குத் திரும்பினாள். கண்கள் இன்னும் பெரியவைதான், ஒன்றுக்கொன்று சற்று ஏறுமாறாகவும் இருந்தன. கொஞ்ச நாளைக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு பக்கம் மறைத்த கண்ணாடி போட்டிருந்தாள். அவள் நாற்காலி பின் அறையில் கிடந்தது, சாம்பல் தட்டுக்குப் பக்கத்தில்.

"வந்துட்டியாம்மா? அங்கேயே உனக்கு வசதியா..."

அவள் நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு முன்னால் வந்து, கண்ணாடியைக் கழற்றினாள். "அண்ணே, எனக்கு இப்ப நீங்க ரெண்டு பேராத் தெரியறீங்க. ஒருத்தரையே சமாளிக்க முடியாது. ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க. நான் உட்காருற இடம் இதுதான். நீங்க சிகரெட் பிடிக்கிற இடம் தெரு. என் முகம் பிடிக்காதவங்க வேற கடைக்குப் போகட்டும். அவங்க முகத்தை நான் சரிபண்ணித் தரேன், என் முகத்தை அவங்க சரிபண்ண வேண்டாம்."

அவர் சாம்பல் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். மழைக் காலத்தில் குடை பிடித்துக்கொண்டு புகைத்தார்.

இரட்டைப் பார்வை ஆறு மாதத்தில் தேய்ந்து மறைந்தது. கடைசியாகப் பார்த்தபோது டாக்டரம்மா, "நோய் அடங்கிடுச்சு, இமை மூடுது, கருவிழியும் நல்லா இருக்கு. இனி, மேல் இமையை இறக்கறது அழகுக்குத்தான். வரிசையில உங்க பெயரை எழுதி வைக்கிறேன், செஞ்சாலும் சரி, செய்யலேன்னாலும் சரி" என்றாள்.

அந்த வரிசை நகர இரண்டு வருடமானது. ஒரு மத்தியானம், எதிரே ஒருவர் முக்காலியில் தாடையைத் தூக்கியபடி காத்திருந்தபோது, கைபேசியில் மருத்துவமனையின் செய்தி வந்தது: 'மேல் இமைத் திருத்தத்துக்கு உங்கள் முறை வந்துள்ளது. வருவதானால் 1, வேண்டாமென்றால் 2 அனுப்பவும்.'

அவள் பொறுமையாகத் தட்டினாள்: 'வணக்கம். கண் நன்றாகத் தெரிகிறது. சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது. இமை இந்த இடத்திலேயே இருக்கட்டும். என் முறையை, தேவைப்படும் அடுத்தவருக்குக் கொடுங்கள். டாக்டருக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.'

உடனே பதில் வந்தது: 'தவறான பதில். 1 அல்லது 2 மட்டும் அனுப்பவும்.'

"சரிதான் போ" என்று 2-ஐ அழுத்தினாள்.