லிஃப்டுக்குள் நுழையாத பெட்டி

மலேசியாவில் ஈப்போ பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தை அழித்து அடுக்குமாடி கட்ட வந்தார்கள். எங்களுக்கும் வீடு தரும் ஒப்பந்தம் மாநகர் மன்றத்தில் பேச்சுக்கு வந்தது. தோட்டத்து ஆட்களுக்காகப் பேசப் போனவன் நான். கோயிலுக்கு இடம், பாலர் பள்ளி என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் இருந்த முனியம்மா அக்கா, "தம்பி, சவப்பெட்டி லிஃப்டுல நுழையுமான்னு கேளுலா" என்றார்.

"வீடு கெடைக்கிற நேரத்துல என்னக்கா இந்தப் பேச்சு? வாய மூடுங்க" என்று அதட்டினேன்.

அவரே எழுந்து மலாயில் கேட்டார். மன்றத் தலைவர் வரைபடத்தில் லிஃப்டை அளக்கச் சொன்னார். நுழையாது. பெரிய லிஃப்ட் வேண்டுமென்று ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள்.

குடிபோன ஆறாம் மாதம் அம்மா தவறிவிட்டார். ஒன்பதாவது மாடியிலிருந்து பெட்டி சாயாமல் இறங்கியது. அக்காவும் ஒரு கை பிடித்திருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.