நிறம் பூசாத முளைகள்

அம்சா அத்தை வல்லத்துக்குப் பக்கத்தில் பிறந்தவள். அவள் அப்பா சவுரிராயனுக்கு மூன்று பெண்கள். மூத்தவள் கோலியனூருக்கு வாழ்க்கைப்பட்டாள், கடைக்குட்டி செஞ்சிக்கு. நடுப்பெண் அம்சாவைத் திண்டிவனத்தில் என் அம்மாவின் தம்பி தேவசகாயத்துக்குக் கொடுத்தார்கள்.

மாமாவுக்கு மரவேலை. அத்தைக்கு மாங்காய் வியாபாரம். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவாள். நூறு காய் எண்ணிப் போட்டால் மேலே அஞ்சு கொசுறு உண்டு. அதற்குக் காம்பருகில் கறுத்தது, லேசாக அடிபட்டது என்று பொறுக்கிப் போடுவாள். சும்மா வருகிற காயை யார் புரட்டிப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் கொசுறு போடாமல் கூடையைத் தூக்கினால், மறுநாள் அந்தத் தெருவில் ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள்.

சண்டைக் காலத்தில், நாற்பத்து மூன்றாம் வருஷம் என்று நினைவு, ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு பட்டறை வந்தது. பட்டாளத்துக் கூடாரங்களைக் கயிறு போட்டு இழுத்துக் கட்ட மர முளை செய்கிற பட்டறை. கருவேலங்கட்டையை வாச்சியால் செதுக்கிக் கூராக்கி, கயிறு மாட்டுவதற்குத் தலைக்குக் கீழே ஒரு வெட்டு வைக்க வேண்டும். மாமாவும் முருகையனும் இன்னொருவரும் செதுக்குவார்கள். மேஸ்திரி விருத்தாசலம் ஒவ்வொன்றாகப் பார்த்து, நல்லதை ஒரு பக்கம் போடுவார். வெட்டு ஆழமில்லாததும் முடிச்சு விழுந்ததும் விறகுக் குவியலுக்குப் போகும்.

வண்டியிலிருந்து கட்டை இறக்கும்போது ஒன்று உருண்டு வந்து மாமாவின் வலது கையை ஒடித்துவிட்டது. அவர் கையில் கட்டோடு வீட்டில் கிடந்த நாளில்தான், அடுப்பு எரிய வேண்டுமே என்று அத்தை பட்டறைக்கு வந்தாள். முளைகளை நூறு நூறாக எண்ணிக் கயிறு சுற்றும் வேலை. அவள் வந்த கொஞ்ச நாளில் மாமாவும் கைக்கட்டை அவிழ்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

அதற்குப் பிறகு அனுப்பிய சரக்கு விழுப்புரத்தில் பட்டாளத்துச் சோதனையிலிருந்து திரும்பி வந்தது. அடுத்ததும் திரும்பியது. அங்கே எல்லா முளையையும் பார்ப்பதில்லை. குவித்துக் கலக்கி, கைக்கு வந்தபடி ஐம்பது எடுப்பார்கள். அதில் ஒன்று பழுதானால் விட்டுவிடுவார்கள். இரண்டானால் மொத்தமும் திரும்பும்.

"ரெண்டு குச்சிக்காக ரெண்டாயிரம் குச்சியைத் திருப்புறானுங்களே, பேஜாரு புடிச்சவனுங்க!" என்று கத்திவிட்டு மேஸ்திரி மாமாவைப் பார்த்தார். "முன்னெல்லாம் இப்பிடி வந்துதா? நீ திரும்பி வந்த பொறவுதான் வருது. இன்னொரு தடவை வந்துதுன்னா நீ நின்னுக்கோ தேவசகாயம். நான் இன்னா பண்ணட்டும், சொல்லு."

மாமாவுக்கே தன் கைமேல் சந்தேகம். வீட்டில் தண்ணீர்த் தவலையை வலது கையால் தூக்கிப் பார்ப்பார், இறக்கி வைப்பார், மறுபடியும் தூக்குவார்.

"இன்னா மாமா, தவலையோட வெளையாடிக்கினு இருக்கீங்க?"

"கை பழைய மாதிரி இல்லடி. மேஸ்திரி சொல்றது மெய்தான் போல. வாச்சி புடிக்காத கைய வெச்சிக்கினு நான் இன்னாத்துக்கு ஆவேன்?"

அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. கர்த்தரே, இந்தத் தடவை மட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

மூன்றாம் சரக்கு செய்யும்போது விழுப்புரத்திலிருந்து சோதனைக்காரர் பாண்டுரங்கன் நேரிலேயே வந்தார். இளவயது, காக்கிச் சட்டை. மேஸ்திரி, மாமாவின் பெயரை எடுத்ததும் பாண்டுரங்கன் கையமர்த்தினார்.

"யாரையும் சும்மா சொல்லாதீங்க. ஆளுக்கு ஒரு நிறம் குடுங்க. நல்லதுன்னு நீங்க ஒதுக்குற முளையோட தலையில அந்த ஆளோட நிறத்தைத் தொட்டு வையுங்க. கெட்டது எந்தக் கையிலேருந்து வருதுன்னு அதுவே சொல்லிடும்."

மாமாவுக்குக் காவி, முருகையனுக்குச் சுண்ணாம்பு, மற்றவருக்குக் கரி. சரக்கு முடிந்ததும் பாண்டுரங்கன் திரும்ப வந்தார். கட்டுகளை அவிழ்த்துக் கொட்டி, மண்வெட்டியால் புரட்டச் சொன்னார். பிறகு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, குவியலுக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தார்.

"கண்ணாமூச்சி ஆடறாரா?" என்றார் முருகையன்.

"கண்ணு பாத்தா நல்லதையே தேடும், இல்லாட்டி கெட்டதையே தேடும்" என்றார் அவர், திரும்பாமலே.

மாமா வலது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு நின்றார். ஐம்பதும் வந்தன. மூன்று பழுது. மேஸ்திரி தலையில் கை வைத்தார். அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். பாண்டுரங்கன் அந்த மூன்றையும் தலைப்பக்கம் திருப்பினார். காவி இல்லை. சுண்ணாம்பும் இல்லை, கரியும் இல்லை. மூன்றும் வெறும் மரம்.

"இது யாரோடது?"

மேஸ்திரி வாங்கிப் பார்த்தார். "இதை நான் வெறகுல இல்ல போட்டேன்! இது எப்பிடி இதுக்குள்ள வந்துது?"

அத்தை கண்ணைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "அதுங்களா? அது கொசுறுங்க ஐயா."

"கொசுறா?"

"நூத்துக்கு அஞ்சுங்க. வெறகுலேருந்து ரொம்ப மோசமில்லாததாப் பாத்துதான் பொறுக்கிப் போடறேன்."

"யாரும்மா கேட்டாங்க கொசுறு?"

"கேட்டுக் குடுத்தா அது கொசுறா ஐயா? வாங்குறவங்க மனசு நெறையணும்னு நாமளா போடறதுதானே!"

பாண்டுரங்கன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எங்களுக்கு மனசு நெறைய வேணாம்மா. நூறு இருந்தா போதும்."

நிறமில்லாததையெல்லாம் அத்தையே பொறுக்கி வெளியே எறிந்தாள். அவர் மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஐம்பது எடுத்தார். ஒன்றே ஒன்று பழுது, தலையில் சுண்ணாம்பு.

"நல்லவேளை, ஒண்ணு இருக்கலாம்" என்று முருகையன் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

காவி பூசியதில் ஒன்றுகூடப் பழுதில்லை. மேஸ்திரி மாமாவிடம் வந்தார். "துண்டை எடுத்துட்டு வாச்சியைப் புடி தேவசகாயம். இன்னா பாத்துக்கினு நிக்கிற?" அவரால் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மாமாவுக்கு அது போதும்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அத்தை குனிந்த தலை நிமிரவில்லை. "நான்தான் மாமா உங்க பொழப்புல மண்ணைப் போடப் பாத்தேன்."

"எலும்பு சேர்ந்து எத்தினி நாளாவுது! நீ இல்ல இத்தினி நாளும் என் கைய ஒடச்சே வெச்சிருந்த!" என்றவர், அவள் இடுப்பிலிருந்த சுள்ளிக் கூடையை வலது கையால் வாங்கித் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தார். தெருமுனை வந்தும் கொடுக்கவில்லை.

சண்டை முடிந்ததும் பட்டறையை மூடிவிட்டார்கள். மாமா மாட்டுவண்டி செய்யும் வேலைக்குப் போனார். கடைசிவரை அந்தக் கையைப் பற்றி அவர் சந்தேகப்பட்டதில்லை. அத்தை மாங்காய்க்கே திரும்பினாள். கொசுறை விடவில்லை. ஆனால் அந்த அஞ்சு காயையும் ஒவ்வொன்றாகத் திருப்பி, காம்பைப் பார்த்து, முகர்ந்து பார்த்துத்தான் போடுவாள்.

மாமா பக்கத்தில் இருந்தால் சும்மா இருக்க மாட்டார். "பட்டாளத்துக்கா போவுது? அவ்ளோ பாக்குற?"

"பட்டாளத்துக்காரன் மண்ணுலதான அடிச்சான். இவங்க வாயில இல்ல வைக்கப் போறாங்க" என்று சொல்லி, அத்தை ஆறாவதாகவும் ஒன்றைத் தூக்கிப் போடுவாள்.