முப்பதடி ஆழத்தில் சிவதாணு

திருவனந்தபுரம் கிள்ளிப்பாலத்தில் சிவதாணுவின் ஒர்க்‌ஷாப்புக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கம்ப்ரஸர் ரிப்பேர் என்று சாலைக் கடைத்தெருவில் யாரிடம் கேட்டாலும் கை காட்டிவிடுவார்கள். டயர் கடைகளில் காற்றடிக்கும் மிஷின், பல் டாக்டர்களின் கிளினிக்கில் இரையும் குட்டி மிஷின், விழிஞ்ஞத்து ஐஸ் பிளான்டில் நாள் முழுக்க ஓடும் பெரிய மிஷின் என்று, காற்றை அமுக்கும் இயந்திரங்களோடு இருபத்தைந்து வருடம் ஓட்டியிருந்தார். சொந்த ஊர் பூதப்பாண்டி. இருபது வயதில் வேலை தேடி வந்தவர், கரமனையில் வாடகைக்கு வீடு பிடித்து, ஆஸ்பத்திரி ஒன்றில் அட்டெண்டராக இருந்த பொன்னம்மையைக் கல்யாணம் செய்து, அங்கேயே வேரூன்றிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில்கூடக் கடை திறந்திருக்கும். ஐந்து மைல் தள்ளியிருந்த கடலை அவர் பார்க்கப் போனது மொத்தம் பத்துத் தடவை இருந்தால் அதிகம்.

அவரைத் தேடி 1997 ஜனவரியில் ஒரு ஃபோன் வந்தது. பேசியவர் பட்டாபி. கரமனை அக்கிரகாரத்துக்காரர், லட்சத்தீவில், குடிமக்கள் யாரும் இல்லாத ஒரு சின்னத் தீவில், வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் விடுதிக்கு மேனேஜராக இருந்தார். ஓலை வேய்ந்த குடில்கள், ஏ.சி. கிடையாது, டி.வி. கிடையாது, மரம் ஒன்றைக்கூட வெட்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு நடந்த விடுதி அது. வருகிறவர்கள் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் முங்கிப் பவளப்பாறைகளைப் பார்ப்பார்கள். அந்தச் சிலிண்டர்களை நிறைக்கும் கம்ப்ரஸர் நின்றுபோய்விட்டது. கம்பெனி ஆள் பம்பாயிலிருந்து வர மூன்று வாரம் ஆகும் என்றார்களாம். ஐஸ் பிளான்ட் முதலாளி சிவதாணுவின் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

மனிதன் சுவாசிக்கிற காற்றை அடைக்கும் மிஷினைச் சிவதாணு அதுவரை தொட்டதில்லை. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார்.

எர்ணாகுளம் வரை ரயில். பிறகு கப்பலில் ஒரு பகலும் ஓர் இரவும். விடிந்து மேல்தளத்துக்கு வந்தவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். கறுநீலமாக இருந்த கடல் ஓரிடத்தில் கத்தியால் கீறினாற்போல் முடிந்து, அதற்கப்புறம் வெளிர்ப்பச்சையாகத் தொடங்கியது. அந்தப் பச்சையின் நடுவில் தென்னைகள் மட்டும் தெரிந்தன, மண் தெரியவில்லை. பெரிய தீவில் இறங்கி, அங்கிருந்து விசைப்படகில் ஒன்றரை மணி நேரம் போனார்கள். வழியெல்லாம் படகின் நிழல் அடியிலிருந்த மணலில் கூடவே ஊர்ந்து வந்தது. தண்ணீர் இருக்கிறது என்பதையே நம்ப முடியாமல் இரண்டு தடவை கையை விட்டுப் பார்த்துக்கொண்டார்.

மிஷினைப் பிரித்துப் பார்த்தபோது கோளாறு பிடிபட்டது. காற்றை மூன்று படிகளாக அமுக்கும் கம்ப்ரஸர் அது. மூன்றாம் படியின் வால்வுத் தகடு உடைந்து, அதன் துண்டு பிஸ்டன் வளையத்தையும் கீறியிருந்தது. கொண்டுபோன சாமான்களை வைத்து, ராவி, உரசி, மூன்று நாளில் ஓடவைத்துவிட்டார். அழுத்தமானியின் முள் இருநூறைத் தொட்டபோது பட்டாபி கைதட்டினார். திரும்பும் கப்பல் வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஒரு குடிலைத் திறந்துவிட்டு, அதுவரைக்கும் விருந்தாளியாக இரும் என்றார்.

சிவதாணுவுக்கு விருந்தாளியாக இருக்கத் தெரியவில்லை. ஓர் அரை நாள் தூளி ஊஞ்சலில் படுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி கம்ப்ரஸர் கொட்டகைக்கே போய் உட்கார்ந்துகொண்டார். அங்கேதான் லிபியோடு பேச்சு உண்டானது. லிபி மார்த்தாண்டத்துப் பெண். முப்பது தாண்டியவள். கல்லூரியில் நீச்சல் சாம்பியன். விருந்தாளிகளைக் கடலுக்குள் அழைத்துப்போய்ப் பத்திரமாகக் கொண்டுவருவது அவள் பொறுப்பு.

நான்காம் நாள் மத்தியானம் கடலுக்குள் போய்வந்த இரண்டு இத்தாலிக்காரர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். ஒருவர் வாந்தியும் எடுத்தார். வெயில், படகு ஆட்டம் என்று எல்லோரும் சொன்னார்கள். டிசம்பரிலும் இதே மாதிரி ஒருவருக்கு வந்தது என்று லிபி பேச்சுவாக்கில் சொன்னாள். சிவதாணு எழுந்து கொட்டகையைச் சுற்றி வந்தார். கம்ப்ரஸர் காற்றை இழுக்கும் குழாய் தென்புறச் சுவரில் இருந்தது. பன்னிரண்டடி தள்ளி ஜெனரேட்டரின் புகைக்குழாய். காலையில் காற்று புகையைக் கடல் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. மத்தியானம் காற்றுத் திசை மாறியது. காய்ந்த தென்னஞ்சவுரி நாரைக் கொளுத்தி ஜெனரேட்டர் பக்கத்தில் பிடித்தார். புகை நேராகக் கம்ப்ரஸரின் வாய்க்குள் போனது.

டீசல் புகையில் இருக்கும் விஷவாயுவுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. அடைத்த கேரேஜில் வண்டியை ஓடவிட்டுச் செத்தவர்களை அவருக்குத் தெரியும். கடலுக்கு அடியில் அதே வாயு இன்னும் வீரியமாக வேலை செய்யும் என்று லிபி சொன்னாள்.

பட்டாபியைக் கூட்டிவந்து காட்டினார்கள். எல்லாச் சிலிண்டரையும் காலி செய்ய வேண்டும், குழாயை மாற்றும் வரை யாரும் முங்கக் கூடாது என்றார் சிவதாணு. பட்டாபி தயங்கினார்.

"வந்தவா எல்லாரும் முங்கறதுக்குன்னே வந்திருக்கா சிவதாணு. காலம்பற நெறச்ச சிலிண்டரெல்லாம் நல்லதாத்தானே இருக்கும்?"

"எது காலம்பற நெறச்சது, எது உச்சைக்கு நெறச்சதுன்னு எனக்கே தெரியாது சாரே. நான் நெறச்ச காத்தாக்கும். நானே தொறந்து விட்டிருதேன்."

சொல்லிவிட்டு அவர் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. வரிசையாக நின்ற பதினெட்டு சிலிண்டர்களின் மூடியையும் ஒவ்வொன்றாகத் திருகினார். சீறல் சத்தம் கேட்டு விருந்தாளிகள் ஓடி வந்தார்கள். அவர்களிடம் பட்டாபியே காரணத்தை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டார். படுத்திருந்த இருவரையும் பெரிய தீவு ஆஸ்பத்திரிக்குப் படகில் அனுப்பினார்கள். மறுநாளே தேறிவிட்டார்கள். கிணற்று வேலைக்கு வாங்கி வைத்திருந்த பி.வி.சி. குழாய்களை ஒட்டி நீட்டி, ஜெனரேட்டருக்கு எதிர்ப்புறம் நின்ற தென்னையில் இருபதடி உயரத்தில் கட்டினார் சிவதாணு. கம்ப்ரஸர் ஓடும் நேரத்தையும் விடியற்காலைக்கு மாற்றினார். வடிகட்டியில் புதுக் கரி போட்டார்.

முதல் சிலிண்டர் நிறைந்ததும், இதை நான்தான் முதலில் இழுப்பேன் என்று லிபியிடம் பிடிவாதமாகச் சொன்னார். கொட்டகையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சிலிண்டர் குழாயின் ரப்பர் முனையைக் கடித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் அந்தக் காற்றை மட்டுமே சுவாசித்தார். லிபி எதிரில் உட்கார்ந்து அவர் கண்ணையும் நாடியையும் பார்த்தபடி இருந்தாள். தலைவலி இல்லை. மயக்கம் இல்லை. வாய்தான் வறண்டுவிட்டது.

"அண்ணாச்சி, இவ்வளவு காத்தையும் ஷெட்டுக்குள்ள இருந்து தீத்துட்டியளே," என்றாள் லிபி. "இது எதுக்குன்னு ஒருக்கா பாக்கண்டாமா?"

அவர் மாட்டேன் என்றார். வயது நாற்பத்தேழு, கரமனை ஆற்றில் நீந்தியதோடு சரி, பொன்னம்மைக்குத் தெரிந்தால் திட்டுவாள் என்று மூன்று காரணம் சொன்னார்.

"காத்துக்குப் பொறுப்பு நீங்க. கடல் வெள்ளத்துக்குப் பொறுப்பு நான்," என்றாள் அவள்.

இரண்டு நாள் தீவோரத்தில் இடுப்பளவு தண்ணீரில் பழக்கினாள். மூக்கைப் பிடித்து ஊதிக் காதடைப்பை விடுவிப்பது, முகத்தில் மாட்டிய கண்ணாடிக்குள் புகுந்த தண்ணீரை மூச்சாலேயே வெளியேற்றுவது, கைச்சைகைகள். ஒரே ஒரு விதியை மட்டும் நூறு தடவை சொன்னாள்: எது நடந்தாலும் மூச்சை அடக்கக் கூடாது. மூன்றாம் நாள் காலை படகில் பாறைகளின் வெளிப்புறத்துக்குப் போனார்கள். நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அடிக்கொரு தடவை நின்று காதைச் சரிசெய்து, சிவதாணு இறங்கினார்.

முதலில் அவருக்குக் கிடைத்தது காட்சியல்ல, சத்தம். அடியில் நிசப்தமாக இருக்கும் என்று நினைத்திருந்தார். எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி நாலாபுறமும் படபடவென்று கேட்டது. நடுநடுவே யாரோ கற்கண்டைக் கடிக்கும் சத்தம். மிஷினின் இரைச்சலை வைத்தே கோளாறைக் கண்டுபிடிக்கிற காதுக்கு, அங்கே ஆயிரம் சின்ன மிஷின்கள் ஓடுவதாகப் பட்டது. லிபி விரலை நீட்டினாள். பச்சையும் நீலமுமாய்க் கிளி நிறத்தில் ஒரு மீன், கிளி மூக்கு போன்ற வாயால் பாறையைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. கொஞ்ச தூரம் நீந்திப் போய் வாலடியிலிருந்து வெண்மணலை உதிர்த்தது. தீவுக் கரையில் அவர் நடந்த மணலில் முக்காலும் இப்படி வந்ததுதான் என்று லிபி முந்தின நாள் சொன்னபோது, கேலி செய்கிறாள் என்று நினைத்திருந்தார்.

முப்பதடியில் கயிற்றின் அடியை எட்டியதும் நிமிர்ந்து பார்த்தார். மான்கொம்புகளாகக் கிளைத்த பவளங்கள் காடாக முளைத்திருந்தன. கல்யாணப் பந்திக்கு மேஜை போட்டதுபோல் தட்டைப் பாறைகள் அடுக்கடுக்காகச் சரிந்து இறங்கின. ஊதாவும் மஞ்சளும் இளநீலமும், பெயர் தெரியாத இன்னும் பல நிறங்களும். இவையெல்லாம் கல்லல்ல, ஒவ்வொரு கொம்பும் லட்சக்கணக்கான உயிர்கள் சேர்ந்து கட்டியது என்று அவள் சொல்லியிருந்தது அப்போதுதான் உள்ளே இறங்கியது. கிள்ளிப்பாலத்தில் அவர் இரும்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அத்தனை வருடமும் இது இங்கே தன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

ஒரு பெரிய உருண்டைப் பாறையருகே லிபி அவரை மண்டியிட வைத்துக் காத்திருக்கச் சொன்னாள். அந்தப் பாறையைச் சுற்றி மீன்கள் வரிசையில் நின்றன. நிஜமாகவே வரிசை. முன்னால் நிற்கும் மீன் வாயையும் செவுளையும் திறந்து அசையாமல் நிற்க, விரல் நீளமுள்ள கோடுபோட்ட குட்டி மீன்கள் அதன் வாய்க்குள் புகுந்து, பல்லிடுக்கைச் சுத்தம் செய்து, செவுள் வழியாக வெளியே வந்தன. வேலை முடிந்ததும் அது நகர, அடுத்தது வந்தது. சர்வீஸ் ஸ்டேஷன் என்று சிவதாணு நினைத்தார். சிரிப்பு வந்து கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. ஊதி வெளியேற்றினார்.

அப்போது வெளிச்சம் குறைந்தது. மேகம் மறைக்கிறது என்று அண்ணாந்து பார்த்தார். மேகமில்லை. ஒரு கொம்புத் திருக்கை மீன். ஒரு சிறகு நுனியிலிருந்து மறு நுனிவரை அவருடைய ஒர்க்‌ஷாப்பின் அகலம் இருந்தது. அத்தனை பெரிய உடம்பு ஒரு சத்தமும் எழுப்பாமல், துணி காற்றில் அசைவதுபோல் அசைந்து வந்து, அவர் தலைக்கு மேல் ஆறடியில் நின்றது. கோடுபோட்ட குட்டிகள் ஓடிப்போய் அதன் வெள்ளை வயிற்றைத் துடைக்க ஆரம்பித்தன. அதன் பக்கவாட்டுக் கண் ஒன்று மெதுவாகச் சுழன்று சிவதாணுவைப் பார்த்தது. பயமும் இல்லை அந்தப் பார்வையில், கோபமும் இல்லை. இவன் யார் என்று மட்டும் கேட்டது.

நெஞ்சில் யாரோ தட்டினார்கள். லிபி. மூச்சு விடும்படி கையால் காட்டிக்கொண்டிருந்தாள். அவர் மூச்சு விட மறந்துபோயிருந்தார். ஆழமாக இழுத்து விட்டார். குமிழிகள் கொத்தாக மேலே போயின. திருக்கை அவை வயிற்றில் படும்படி லேசாகச் சாய்ந்து கொடுத்து, ஒரு வட்டமடித்து, மறுபடி அதே இடத்தில் வந்து நின்றது.

கயிற்றைப் பிடித்து மேலேறிப் படகுக்குத் திரும்பினார்கள். கரை நெருங்கும்போது, அது தினமும் அங்கே வருமா என்று மட்டும் கேட்டார். நாம் பார்க்காத நாளிலும் வரும் என்றாள் லிபி.

ஊருக்கு வந்து பொன்னம்மையிடம் சொல்ல உட்கார்ந்தார். கையை விரித்துக் காட்டினார். பாய் மாதிரி என்றார், இல்லை, பந்தல் மாதிரி என்றார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சாப்பிடச் சொன்னாள். அதன் பிறகு அவர் வாழ்க்கையில் ஒரு மாற்றம் வந்தது. ஒவ்வொரு சீசனுக்கும் இரண்டு தடவை அந்தக் கம்ப்ரஸரைப் பார்க்கப் போவதற்காக, டயர் கடைகளில் பாதியை வேறு மெக்கானிக்கிடம் விட்டுவிட்டார். ஞாயிறுகளில் கடை அடைத்தார்.

1998 கோடையில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்துவிட்டன என்று லிபி கடிதம் எழுதினாள். நவம்பரில் போய் முங்கியபோது, மான்கொம்புக் காடு முழுவதும் சாம்பல் நிறத்தில் பாசி படிந்து நின்றது. அன்று அவர் ஆஸ்பத்திரி வார்டுக்குள் நடப்பதுபோல்தான் நீந்தினார். ஆனால் உருண்டைப் பாறையருகே மீன்கள் அப்போதும் வரிசையில் நின்றன. அடுத்தடுத்த வருடங்களில், செத்த கொம்புகளின் மேல் பொத்தான் அளவில் புது உயிர்கள் ஒட்டியிருப்பதை லிபி காட்டினாள். அவை அப்பளம் அளவுக்கு வளர நான்கு வருடம் ஆயிற்று. அந்த நான்கு வருடமும் அவர் அவற்றைத் தேடித் தேடிப் போய்ப் பார்த்தார்.

2003 பிப்ரவரியில், வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றிருந்த பொன்னம்மையையும் பட்டாபி அழைத்தார். கோவளத்தில் அலை காலில் பட்டாலே பின்வாங்குகிறவள் அவள். தீவோரத்தில் அலையே இல்லாத இடத்தில், ஒரு மிதவை வளையத்தைக் கையில் கொடுத்து, கண்ணாடியை மாட்டி, முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைக்கச் சொன்னாள் லிபி. பொன்னம்மை முகத்தை வைத்தாள். உடனே எடுத்தாள். கணவனை ஒரு தரம் பார்த்தாள். மறுபடி வைத்தாள்.

சாப்பாட்டு மணி அடித்து அரைமணி ஆயிற்று. சிவதாணு இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய் அவள் தோளைத் தொட்டார்.

"சும்மா இரிங்க," என்றாள் பொன்னம்மை, முகத்தைப் பாதி தூக்கி. "பொந்துக்குள்ள இருந்து ஒண்ணு வெளிய வருது. எட்டுக் காலு இருக்கு. நெறம் மாறிக்கிட்டே இருக்கு."

அவர் தன் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு பக்கத்தில் குனிந்தார்.