மலைமேல் கொதித்த கலவை

மாரமங்கலத்து மேனகா கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்து ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது, எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கும் அவள் அம்மா கண்ணாயி கேட்டாள்: "இன்னும் என்ன கண்ணு படிக்க மிச்சம் இருக்குது?"

"ரெண்டு திரவத்தைக் கலந்தா அது எப்படி நடந்துக்குதுன்னு பாக்கறதும்மா."

"கலந்தா கலந்ததுதானே?"

அப்படி எல்லாம் கலந்தே கிடந்தால் மேனகாவுக்கு வேலையில்லை. மருந்துத் தொழிற்சாலைக் கழிவில் அசிட்டோனும் இன்னொரு கரைப்பானும் கலந்து வரும். பிரித்தால் இரண்டையும் மறுபடி பயன்படுத்தலாம். கொதிக்கவைத்தால் ஆவியில் அசிட்டோன் சற்றுக் கூடுதலாக ஏறும். அந்த ஆவியைக் குளிரவைத்து மறுபடி கொதிக்கவைத்தால் இன்னும் கூடும். ஆனால் ஒரு விகிதத்தை எட்டியதும் ஆவியும் திரவமும் ஒன்றுபோலவே ஆகிவிடும். அதற்கப்புறம் எவ்வளவு கொதித்தாலும் பிரியாது. காற்றழுத்தம் குறைந்தால் அந்த விகிதம் நகரும். எவ்வளவு நகரும் என்பதுதான் அவள் ஆராய்ச்சி.

சேலத்தில் அவள் கல்லூரியில் அழுத்தத்தைக் குறைக்கும் கருவி பழுதாகி மாதக்கணக்காயிற்று. "பார்ட்ஸ் வரட்டும், அதுவரைக்கும் கணக்குப் போட்டு வைம்மா" என்றார் அவள் வழிகாட்டி பாலசுப்பிரமணியம்.

"மலை மேல அழுத்தம் குறைச்சல்தானுங்க சார். அங்க போயே கொதிக்க வெக்கறேனுங்க."

அவர் சிரித்தார். ஆனால் மறுக்கவில்லை.

ஏற்காட்டில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்தும் மோனிஷா, மேனகாவின் தோழி. ஆய்வகத்தில் ஒரு மேசையும் தேவையான கரைப்பான்களும் தந்தாள். கண்ணாடிக் கொதிகலனை மட்டும் பழைய கம்பளியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு அடிவாரத்திலிருந்து பஸ் ஏறினாள் மேனகா.

"ஏனுங்க, மடியில என்ன, கொழந்தைங்களா?" என்றார் கண்டக்டர்.

"கண்ணாடிங்க. வளைவுல மெதுவாப் போகச் சொல்லுங்க."

டிரைவரிடம் அவர் சொன்னாரோ என்னவோ, கொதிகலன் முழுசாக வந்து சேர்ந்தது.

முதல் வாரமே அளவுகள் ஆச்சரியப்படுத்தின. திரவத்துக்கும் ஆவிக்கும் இருந்த வித்தியாசம், கணக்கு சொன்னதைவிட எவ்வளவோ அதிகம். இந்தக் கலவை இவ்வளவு சுலபமாகப் பிரியும் என்று யாருமே நினைத்திருக்கவில்லை. போனில் கேட்ட பாலசுப்பிரமணியத்தின் குரல் உயர்ந்தது. "உடனே கட்டுரையா எழுதும்மா!"

மேனகாவும் எழுத உட்கார்ந்தாள். ஆனால் அந்தப் பெரிய வித்தியாசத்துக்கு ஒரு காரணம் எழுத வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. காரணம் தெரியாத சந்தோஷம் அவளுக்கு உறுத்தியது.

மறுநாள் ஆய்வகத்தில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளேயே வந்துகொண்டிருந்தது. கலவை கொதிக்கும்போது அவள் கருவியை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். கொதிகலனின் கழுத்துக்குள், ஆவி போகிற வழியில், பொடிப்பொடியாகத் துளிகள் கட்டின. வழிந்து மறுபடி கீழேயே விழுந்தன. சேலத்து வெயிலில் ஒருநாளும் பார்க்காத காட்சி. மலைக்குளிரில் ஆவியின் ஒரு பகுதி வழியிலேயே திரவமாகிவிடுகிறது. தப்பி மேலே போகிற ஆவியில் அசிட்டோன் இயல்பைவிட மிகுந்துவிடுகிறது. அளந்தது கலவையின் குணத்தை மட்டுமல்ல, குளிரின் குறும்பையும் சேர்த்துத்தான்.

"முதல்ல அளந்ததை அப்படியே விட்டுர்றியா?" என்றாள் மோனிஷா.

"விட்டா நாளைக்கு இதை நம்பி எவனாவது கழிவு பிரிக்கிற கோபுரம் கட்டுவான்டி."

கழுத்தைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு கட்டி, ஜன்னலைச் சாத்தி, எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்தாள். பெரிய வித்தியாசம் காணாமல் போயிற்று. மிஞ்சியது சின்ன நகர்வு. கிட்டத்தட்டக் கணக்கு சொன்ன அதே அளவு. பாலசுப்பிரமணியம் போனில் புது அளவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு, "சரிம்மா. இருக்கறதை எழுது" என்றார்.

கெட்டுப்போன அளவுகளையும், அவை கெட்டுப்போனதற்கான காரணத்தையும் சேர்த்தே அவள் எழுதினாள். இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பின. மூன்றாவது ஏற்றுக்கொண்டது. அதைப் படித்த ஒரு மருந்துத் தொழிற்சாலை, கழிவைப் பிரிக்கும் கோபுரம் ஒன்றைச் சரிபார்க்க அவளைக் கூப்பிட்டது. இன்றைக்கு அவளுக்கு அங்கேதான் வேலை.

பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வன்று கண்ணாயி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பாதிக்குமேல் இங்கிலீஷ். முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள்; அவளும் தட்டினாள். வெளியே வந்து மகளின் கன்னத்தைத் தொட்டாள்.

"நொம்ப நேரம் கேள்வி கேட்டாங்களே கண்ணு. உனக்கே தெரியலன்னு ஒண்ணு சொன்னியாமா? பக்கத்துல இருந்தவரு சொன்னாரு."

"ஆமாம்மா. ஒரு கேள்விக்குத் தெரியலைன்னேன்."

"அதுக்குமா கை தட்டுனாங்க?"

மேனகா சிரித்தாள். "அதுக்கும் சேத்துத்தாம்மா."