ஐந்தாம் நம்பர் சிஸ்டத்தில் ஒரு தீவு

திருவொற்றியூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். படிப்பு பத்தாவதுதான். யாரிடமும் நிமிர்ந்து பேச மாட்டேன்.

ஹார்பரில் கன்டெய்னர்களைச் சரிபார்க்கும் டேலி கிளார்க் பாலன், சாயங்காலம் ஐந்தரைக்கு வருவார். ஐந்தாம் நம்பர் சிஸ்டத்தில் ஒரே ஒரு கேமை மட்டும் ஆடுவார். பனி மூடிய தீவு. ஆளே கிடையாது. காற்று, அலை, தூரத்தில் ஒரு மணிக்கூண்டின் ஓசை. என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கலங்கரை விளக்கத்தின் கதவருகே ஐந்து லீவர்கள். சரியான வரிசையில் இழுத்தால்தான் கதவு திறக்கும். அங்கேயே ஒரு மாதம் நின்றார்.

ஓனர் அக்கா கிண்டல் செய்வார். "இன்னா நைனா, சுட்றதுக்கு ஒரு ஆளுகூட இல்லியே, இதுல இன்னாத்த கண்ட?"

"அதுக்குத்தான்க்கா வரேன். நாள் பூரா லாரி ஹார்ன். இங்க காத்து மட்டும்தான் கீது."

பிறகு என் பக்கம் திரும்பி, "மேடம், கொஞ்சம் வந்து பாருங்களேன். பேஜாரா கீது" என்பார்.

"எனக்கு கேம்லாம் தெரியாது சார்" என்பேன், கணக்கு நோட்டைப் பார்த்தபடி.

அது பொய். ஒருநாள் காலை, கடையில் யாரும் இல்லாதபோது நானும் ஆடிப் பார்த்தேன். ஒவ்வொரு லீவருக்கும் ஒரு ஓசை இருந்தது. தூரத்து மணியில் அந்த ஓசைகள் வரும் வரிசையில் இழுத்தேன். கதவு திறந்தது. உள்ளே படிக்கட்டு, மேலே கடல். அத்தோடு கேம் முடிந்துவிட்டது. சேவ் செய்யாமல் வெளியே வந்தேன். சொல்லிவிட்டால் அவருக்கு இங்கே வர வேலை இருக்காது. அதனால் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை அவர் சொன்னார்: "மேடம், திங்கள்லேர்ந்து தூத்துக்குடில டூட்டி. ஆபீஸ்ல மாத்திட்டாங்க."

முதல் தடவையாக எழுந்துபோய் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். "சார், அந்த மணிச் சத்தத்தைக் கேளுங்க. அதே வரிசைதான்."

"தெரியும் மேடம். ரெண்டு வாரமாச்சு."

"அப்ப ஏன் தொறக்கல?"

"தொறந்தா முடிஞ்சிடும்ல." திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நான் விடையா கேட்டேன்? வந்து பாருங்கன்னுதானே கூப்ட்டேன்."

அவர் எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு வைரஸ் வந்து அந்த சிஸ்டத்தை ஃபார்மட் செய்த ஒவ்வொரு முறையும், அவருடைய சேவ் ஃபைலை ஃப்ளாப்பியில் எடுத்து வைத்து, திரும்பப் போட்டேன். கடை மூடும்வரை அப்படித்தான் செய்தேன்.

கவுண்டரில் உட்காரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வந்து பாருங்கள் என்று ஒருவர் கூப்பிட்டால் எழுந்து போங்கள். விடை தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.